மெத்தைக்கு அடியில வெச்சா பத்திரம்னு யார் சொன்னது?

துப்பாக்கி வாங்கப்போறேன், எந்த மாடல் நல்லாருக்கும், எந்த காலிபர், அதாவது எந்த அளவு குண்டு, எடுக்கலாம்னு என்கிட்ட கேக்குறவங்க நெறைய பேர், ஏன்னா நான் ரேஞ்சுக்குப் போய் சுடுற ஆளுன்னு அவங்களுக்குத் தெரியும். கேக்கட்டும், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா வாங்குனப்புறம் எங்க வைக்கப்போறீங்கன்னு நான் திருப்பிக் கேட்டா மட்டும் ஒரு மாதிரி சிரிப்பாங்க. பீரோல துணிக்கு அடியில, மெத்தைக்குக் கீழ, கார் டேஷ்போர்டுல, இல்லன்னா "அதெல்லாம் யாருக்கும் தெரியாத ஒரு எடம் இருக்கு பாஸ்". இந்தக் கடைசி பதில்தான் எனக்கு செம கடுப்பு. யாருக்கும் தெரியாத எடம்னு எந்த வீட்டுலயும் கெடையாதுங்க. பசங்களுக்குத் தெரியும், பசங்களோட ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியும், வீட்டுல வேலை பாக்க வர்றவங்களுக்குத் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் அது ரகசியம். திருட வர்றவன் நேரா பெட்ரூமுக்குத்தான் போவான், மெத்தையத் தூக்குவான், ட்ராயர இழுத்துக் கொட்டுவான், பீரோ மேல்தட்டுல கைய விட்டுத் துழாவுவான், ஏன்னா ஊர் உலகத்துல எல்லாரும் அந்த மூணு எடத்துலதான் ஒளிச்சு வைக்கிறாங்கன்னு அவனுக்கு நல்லாவே தெரியும்.

துப்பாக்கி வெச்சுக்கலாமா கூடாதாங்கற சண்டைக்கு நான் வரல, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. வெச்சுருக்கீங்கன்னு எடுத்துக்கறேன். வெச்சுருந்தா அது திருடு போகாம பாத்துக்கறது உங்க வேலை, அவ்ளோதான் நான் சொல்ல வர்றது.

"திருடுனவன் மேலதான தப்பு, என்னை ஏன் சொல்ற"ன்னு ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. திருடுனவன் மேலதான் தப்பு, யார் இல்லன்னா. ஆனா நகை திருடு போனா நஷ்டம் உங்களோட முடிஞ்சுபோயிடும், நீங்க நாலு நாள் அழுவீங்க, தேறிடுவீங்க. துப்பாக்கி திருடு போனா நஷ்டம் உங்க வீட்டுலருந்து கெளம்பி யாரோ முகம் தெரியாத ஆள் வீட்டுக்குப் போகும். சட்டப்படி வாங்க முடியாத ஆளுக்கு, அதாவது ஏற்கனவே கேஸ் இருக்கறவன், வயசு பத்தாத பையன், இவங்களுக்கெல்லாம் துப்பாக்கி கெடைக்கற வழிகள்ல முக்கியமான ஒண்ணு இந்தத் திருட்டுதான். அமெரிக்கால 2017லருந்து 2021க்குள்ள மட்டும் தனிநபர்கள்கிட்டருந்து திருடு போனதா புகார் ஆன துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கு மேல. இது புகார் ஆனது மட்டும். அங்க தனிநபர் ஒருத்தர் துப்பாக்கி காணாமப் போச்சுன்னு போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு நாடு முழுசுக்குமான சட்டம் எதுவும் கெடையாது, சில மாநிலங்கள்ல மட்டும் இருக்கு, அதனால சொல்லாம விட்டது எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா லைசென்ஸ் வெச்சுருக்கற கடைக்காரர் 48 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும், அதே கடைலருந்து வாங்கிட்டுப் போன ஆளுக்கு அந்தக் கட்டாயம் இல்ல.

சரி, காருக்கு வர்றேன், ஏன்னா அமெரிக்கால இப்பல்லாம் வீட்டை விட காருலருந்துதான் ஏகப்பட்டது போகுது. காரணம் ஒண்ணும் பெரிய மர்மம் இல்ல. இடுப்புல வெச்சுட்டு கெளம்புறாங்க, போற எடத்துல துப்பாக்கி உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு இருக்கு, கோர்ட், ஸ்கூல், ஸ்டேடியம் இந்த மாதிரி, உடனே கழட்டி சீட்டுக்கு அடியிலயோ க்ளவ் பாக்ஸ்லயோ போட்டுட்டு இறங்கிப் போயிடறாங்க. அத அங்க நின்னு ஒருத்தன் பாத்துட்டே இருக்கான்னு யோசிக்கறதே இல்ல. அதுக்கு மேல பின்னாடி கண்ணாடில துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கர் வேற, இந்த ஸ்டிக்கர் சமாச்சாரம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, உள்ள சரக்கு இருக்குன்னு நீங்களே விளம்பரம் பண்றீங்க. க்ளவ் பாக்ஸ் பூட்டெல்லாம் ஒரு பூட்டே இல்ல, ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும், கார் கண்ணாடி உடையறதுக்கு அது கூட வேணாம்.

2015ல சான் ஃப்ரான்சிஸ்கோல நடந்தது ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க. மத்திய அரசோட நில நிர்வாகத் துறைல வேலை பாக்கற ஒரு ரேஞ்சர், தன்னோட துப்பாக்கிய ஒரு பைக்குள்ள போட்டு கார்லயே விட்டுட்டுப் போயிருந்தாரு, கார உடைச்சுத் தூக்கிட்டாங்க. 4 நாள் கழிச்சு ஜூலை 1 அன்னிக்கு, அதே துப்பாக்கிலருந்து வெளிய வந்த குண்டு, கடலோரமா அப்பாவோட நடந்து போயிட்டிருந்த ஒரு பொண்ணு மேல பட்டு அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அது குடியேறிகள் பத்தின பெரிய அரசியல் சண்டையா மாறிடுச்சு, சுட்டவர் யாரு எந்த நாட்டுக்காரருன்னுதான் எல்லாரும் பேசுனாங்க, காருக்குள்ள கெடந்த அந்தப் பையப் பத்தி பேசுனவங்க கம்மி. ட்ரெயினிங் எடுத்த, துப்பாக்கியே தொழிலா இருக்கற ஆளு அவரு, கத்துக்குட்டி கெடையாது. கலிஃபோர்னியா கொஞ்சம் யோசிச்சு அடுத்த வருஷம் சட்டம் போட்டுச்சு, ஆள் இல்லாத வண்டில கைத்துப்பாக்கிய விட்டுட்டுப் போனா பூட்டுன பெட்டிலயோ டிக்கிலயோதான் வைக்கணும், வெளியருந்து பாத்தா தெரியக்கூடாது, போலீஸ்காரங்களுக்கும் இதேதான்னு.

கார்ல வெச்சுதான் ஆகணும்னா சீட் ஃப்ரேம்ல இரும்பு கேபிள் போட்டுக் கட்டுன சின்ன லாக்பாக்ஸ் ஒண்ணு வாங்குங்க. போய் சேந்த எடத்துல பார்க் பண்ணிட்டு டிக்கியத் திறந்து உள்ள வைக்காதீங்க, கெளம்புறதுக்கு முன்னாடியே வெச்சுருங்க. இதுவும் ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துக்குத்தான். ராத்திரி பூரா கார்லயே கெடக்கட்டும்னு விடறதுக்கு எந்த பெட்டியும் பதில் இல்ல.

இப்ப வீட்டுக்குள்ள. இதுல எனக்கு மறக்கவே முடியாத கேஸ் ஜெர்மனில வின்னெண்டன்ல 2009 மார்ச் 11 நடந்தது. 17 வயசுப் பையன், தான் முன்னாடி படிச்ச ஸ்கூலுக்குள்ள போய் ஆரம்பிச்சான், அன்னிக்கு அவன் கையால 15 பேர் செத்தாங்க, கடைசில அவனும். அப்பா ஷூட்டிங் க்ளப் மெம்பர், எல்லாத்துக்கும் லைசென்ஸ் இருக்கு, வீட்டுல பெட்டகமும் இருக்கு, துப்பாக்கிங்க எல்லாம் ஒழுங்கா பூட்டிதான் இருந்துச்சு. ஒண்ணத் தவிர. ஒரு பெரெட்டா பிஸ்டல் மட்டும் பெட்ரூம்ல துணிமணிக்கு நடுவுல இருந்துச்சு. பையன் எடுத்தது அதத்தான். அப்பாவ கவனக்குறைவால கொலைக்குக் காரணமானாருன்னு 2011ல குற்றவாளின்னு சொன்னாங்க, மேல்முறையீட்டுல திரும்ப விசாரணை போய் 2013லயும் அதே முடிவு, ரெண்டு தடவையும் நிறுத்தி வெச்ச தண்டனை.

இந்த "ஒண்ணத் தவிர" இருக்கு பாத்தீங்களா, இதத்தான் நான் நேர்ல நெறைய பாக்கறேன். பெரிய சேஃப் இருக்கும், உள்ள ரைஃபிள் எல்லாம் வரிசையா நிக்கும், காட்டும்போது ஆளுக்குப் பெருமை தாங்காது. அப்புறம் பேச்சுவாக்குல "ஒண்ணு மட்டும் கட்டில் பக்கத்துல எமர்ஜென்சிக்கு"ன்னு வரும். அந்த ஒண்ணு லோடு பண்ணி இருக்கும், பூட்டு இருக்காது, சின்னதா இருக்கும், பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடலாம். திருடனுக்கு வேண்டியதும் அதான், நீளமான ரைஃபிள தோள்ல போட்டுட்டு தெருவுல நடக்க அவனுக்கு என்ன பைத்தியமா.

எமர்ஜென்சி வாதம் முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். பயந்துபோய் வாங்குன ஆளுகிட்ட அத பிரிச்சு, தோட்டாவ வேற ரூம்ல வைன்னு சொன்னா கேக்கவும் மாட்டாரு. ஆனா ஒண்ணு யோசிங்க, ராத்திரி நீங்க வீட்டுல தூங்கும்போதுதான் அது உங்களுக்கு எமர்ஜென்சிக்கு உதவும். நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது, லீவுக்கு வெளியூர் போயிருக்கும்போது, கட்டில் பக்கத்துல இருக்கற துப்பாக்கி யாரக் காப்பாத்தப் போகுது? பெரும்பாலும் வீடு உடையறதே ஆள் இல்லாதப்பதான். அதனால பெட்ரூம்ல தரையிலயோ செவுத்துலயோ போல்ட் போட்ட சின்ன பெட்டி, பட்டன் அமுக்குற மெக்கானிக்கல் பூட்டா இருந்தா ரொம்ப நல்லது, இருட்டுல கூட ரெண்டு மூணு செகண்டுல தொறக்கலாம், பேட்டரி கவலை இல்ல. வீட்ட விட்டு கெளம்பும்போது அந்த ஒண்ணும் பெரிய சேஃபுக்குள்ள போயிடணும். கேஸ அணைச்சோமான்னு பாத்துட்டுதான கெளம்புறோம், இதையும் அப்பவே பாத்துடலாம்.

கைரேகை வெச்சா தொறக்கற பெட்டிய பத்தி கேப்பீங்க. விரல் வெச்சதும் தொறக்குது, சினிமா மாதிரி இருக்குன்னு வாங்குறாங்க. 2023 அக்டோபர்ல அமெரிக்கால ஒரு பிராண்டோட கைரேகை கன் சேஃப் சுமார் 61,000 பெட்டிய திரும்ப வாங்கிக்கறோம்னு அறிவிச்சாங்க, ஏன்னா ஒழுங்கா பதிவு பண்ணாத விரலுக்கும் அது தொறந்துட்டு இருந்துச்சு, வாங்குனவங்க பதிவு ஆயிடுச்சுன்னு நெனைச்சுட்டு இருந்தாங்க. அதுல இருந்து எடுத்த துப்பாக்கியால ஒரு 12 வயசுப் பையன் செத்துட்டான்னு கேஸும் நடந்துச்சு. உங்ககிட்ட அந்த வகை பெட்டி இருந்தா எந்த பிராண்டா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுல இருக்கற எல்லாரோட விரலையும், உங்களோட பதிவு பண்ணாத விரலையும் வெச்சுப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

அடுத்து ட்ரிகர் லாக், கேபிள் லாக், அதாவது விசை மேலயோ, துப்பாக்கிக்குள்ள கேபிள் விட்டோ மாட்டுற பூட்டு. அமெரிக்கால 2005ல வந்த ஒரு சட்டப்படி கைத்துப்பாக்கி விக்குற டீலர் கூடவே ஒரு பூட்டோ பெட்டியோ குடுத்தாகணும், ஆனா அத நீங்க மாட்டியே ஆகணும்னு அந்தச் சட்டம் சொல்லல, அதனால பாதி வீட்டுல அது கவர் பிரிக்காம ட்ராயர்ல கெடக்கும். மாட்டுனாலும் அது எதுக்கு ஆகும்னு தெரிஞ்சுக்கணும். சின்னக் குழந்தை எடுத்து அமுக்குனா சுடாது, அதுக்கு நல்லது, கண்டிப்பா மாட்டுங்க. திருடனுக்கு அது ஒண்ணுமே இல்ல, பூட்டோட சேத்து தூக்கிட்டுப் போய் சாவகாசமா உக்காந்து அறுத்துக்குவான்.

சேஃப் வாங்கும்போது ஆளுங்க பாக்கறது ரெண்டு, எத்தன துப்பாக்கி கொள்ளும், எத்தன நிமிஷம் தீ தாங்கும். உடைக்க எவ்ளோ நேரம் ஆகும்னு பாக்கறதில்ல. தீ தாங்கறதுக்கு உள்ள ஜிப்சம் போர்டு ஒட்டிருப்பாங்க, அதனால செவுரு தடியா தெரியும், இரும்பு என்னவோ மெல்லிசுதான். அமெரிக்கால விக்குற கன் சேஃப்ல நெறைய, யூஎல்ங்கற பாதுகாப்பு சோதனை நிறுவனம் குடுக்கற வீட்டுப் பாதுகாப்பு பெட்டின்னு ஒரு ரேட்டிங்ல வரும், அதோட அடிப்படை டெஸ்ட்ல சுத்தியல், ஸ்க்ரூட்ரைவர், சின்ன கடப்பாரை இந்த மாதிரி கருவிங்கள வெச்சு 5 நிமிஷம் தாக்குவாங்க, தாங்கணும். 5 நிமிஷம்! கருவி பெட்டி மேல படற நேரம் மட்டும்தான் கணக்குன்னாலும் அது 5 நிமிஷம்தான். ஜெர்மனில 2017லருந்து புதுசா வாங்கறது இஎன் 1143-1ங்கற ஐரோப்பிய பெட்டகத் தரத்துல குறைஞ்சது 0 கிரேடாவது இருக்கணும், பேர்லயே 0 இருக்குன்னு சிரிக்காதீங்க, அது நல்லா கனமான விஷயம். இதுக்குன்னு எல்லாரும் பேங்க் லாக்கர் அளவுக்குப் போக வேணாம். சாதாரண இரும்பு கேபினெட்டா இருந்தாலும் பரவால்ல, பின்னாடியும் கீழயும் போல்ட் போட்டு கான்க்ரீட்லயோ கட்டைலயோ இறுக்கி, மூலைல வெச்சுருங்க, ரெண்டு பக்கமும் செவுரு இருந்தா கடப்பாரை உள்ள விட்டு நெம்புறதுக்கு எடமே இருக்காது. போல்ட் போடாத நூறு கிலோ பெட்டி திருடனுக்கு ஒரு ட்ராலி வேலை, அவ்ளோதான். நான் பாத்த வீடுகள்ல போல்ட் ஓட்டை இருக்கு, போல்ட் பாக்கெட்டும் உள்ளயே இருக்கு, போடல. கேட்டா வாடகை வீடு, டைல்ஸ் உடையும்னு சொல்றாங்க. ஓனர்கிட்ட கேட்டுப் பாருங்க, இல்லன்னா போல்ட் போட முடியற வீடா பாருங்க, ரெண்டும் முடியாதுன்னா க்ளப்லயோ டீலர்கிட்டயோ வெச்சுக்க வசதி இருக்கான்னு விசாரிங்க.

இவ்ளோ பண்ணிட்டு சாவிய எங்க வைக்கிறீங்க? பூஜை ரூம், சாக்ஸ் ட்ராயர், சேஃப் மேலயே. ஜெர்மனில இதுக்கு ஒரு சுவாரசியமான தீர்ப்பு இருக்கு. ஒருத்தர் லீவுல போயிருக்காரு, வீட்ட உடைச்சுட்டாங்க. துப்பாக்கி பெட்டகம் சட்டம் சொன்ன தரத்துல சரியா இருந்துச்சு, ஆனா அதோட சாவிய அவர் நம்பர் பூட்டு போட்ட இன்னொரு சின்ன இரும்புப் பெட்டில வெச்சுருந்தாரு. திருடன் சின்னத உடைச்சு சாவிய எடுத்தான், பெரியத மரியாதையா சாவி போட்டுத் தொறந்தான். 2023 ஆகஸ்ட்ல ம்யூன்ஸ்டர் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, சாவி இருக்கற பெட்டியும் துப்பாக்கி இருக்கற பெட்டியோட அதே தரத்துல இருக்கணும். அப்படி ஒரு எதிர்பார்ப்பு இருக்குன்னு இவருக்கு அப்ப தெரிஞ்சுருக்க வாய்ப்பில்லன்னு அவரோட அனுமதிய ரத்து பண்ணது மட்டும் செல்லாதுன்னுட்டாங்க. அந்தத் தீர்ப்புக்கப்புறம் அங்க நெறைய பேர் சாவியே வேணாம்டா சாமின்னு நம்பர் பூட்டுக்கு மாறிட்டாங்க. எனக்கும் அதான் சரின்னு படுது. நம்பர் பொறந்த நாளா மட்டும் இருக்கக் கூடாது, வீட்டுல இருக்கற டீனேஜ் பையன் முதல்ல அதத்தான் அடிச்சுப் பாப்பான்.

சட்டம் போட்டு இதெல்லாம் பண்ண வைக்கணுமான்னா, எனக்கு பாதிக்கு பாதி. புகார் குடுக்கறத கட்டாயம் ஆக்கணுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஓரிகன் மாநிலத்துல 2021ல வந்த சட்டப்படி காணாமப் போனா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், அதோட இன்னொண்ணும் இருக்கு, பூட்டாம வெச்சு அது திருடு போய், ரெண்டு வருஷத்துக்குள்ள அதால யாருக்காவது காயமோ சேதமோ ஆனா ஓனர் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு. இது கடுமைதான். ஆனா மொதல்ல படிச்சப்ப கோபம் வந்த எனக்கு, யோசிச்சுப் பாத்தா பூட்டி வெச்சவனுக்கு இதுல ஒரு பிரச்சினையும் வரல, பூட்டாதவனுக்குத்தான் வருது. பிரிட்டன்ல லைசென்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே போலீஸ் வந்து எங்க வைக்கப்போறன்னு பாத்துடும். ஜப்பான்ல துப்பாக்கிக்கு ஒரு லாக்கர், தோட்டாவுக்குத் தனி லாக்கர், வருஷா வருஷம் செக்கிங் வேற. அங்கல்லாம் துப்பாக்கி வெச்சுருக்கறவங்க இத ஒரு அவமானமா எடுத்துக்கறதில்ல, வண்டிக்கு எஃப்சி காட்டற மாதிரி ஒரு வேலை.

அப்புறம் வாய். சேஃப் வந்த பெரிய அட்டைப்பெட்டிய அப்படியே வாசல்ல குப்பைக்கு வெச்சா தெருவுக்கே தெரிஞ்சுடும், கிழிச்சு மடிச்சு போடுங்க. புதுசா வாங்குன பிஸ்டல சோஃபால வெச்சு ஃபோட்டோ எடுத்து போடறது, அடுத்த வாரமே ஏர்போர்ட்லருந்து செல்ஃபி போடறது, இந்த ரெண்டையும் சேத்துப் பாக்க ஒரு திருடனுக்கு பெரிய மூளை வேணாம்.

சீரியல் நம்பர் எழுதி வெச்சுருக்கீங்களான்னு பத்து பேர்கிட்ட கேளுங்க, முக்காவாசிப் பேர் பில்லுல இருக்கும்பாங்க, பில்லு எங்கன்னா அந்த சேஃபுக்குள்ளயேன்னு சொல்வாங்க. மாடல், சீரியல் நம்பர், நாலு பக்கமும் ஃபோட்டோ, எங்கயாவது ஒரு கீறல் இருந்தா அதையும் எடுத்து, வீட்டுக்கு வெளிய ஒரு எடத்துலயும் சேத்து வைங்க. நம்பர் இல்லாம புகார் குடுத்தா அது ஒரு கருப்பு பிஸ்டல் காணோங்கற கதைதான். நம்பர் இருந்தா திருட்டு துப்பாக்கி பட்டியல்ல ஏறும், நாளைக்கு எங்கயாவது ஒரு கார் செக்கிங்ல மாட்டுனாலும் உடனே தெரிஞ்சுடும். அசிங்கமா இருக்கும், லைசென்ஸ் போயிடுமோன்னு பயமா இருக்கும், ஆனா ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே தேடிப் பாப்போம்னு தள்ளிப்போடறதுதான் மோசம், அந்த ரெண்டு நாள்ல அது கை மாறிடும். நீங்க சொல்லாம விட்டு அது ஒரு கேஸ்ல சிக்குனா, நம்பர வெச்சு போலீஸ் மொதல்ல வந்து நிக்கறதும் உங்க வாசல்லதான்.

கடைசியா யாருமே பேசாத ஒண்ணு. நீங்க போயிட்டா? வயசானவங்க வீட்டுல இது நெஜமான பிரச்சினை, பெரியவர் போயிட்டாரு, சேஃப் நம்பர் அவரோட போயிடுச்சு, இல்லன்னா அவருக்கு ஞாபகமறதி வந்து நம்பர சீட்டுல எழுதி சேஃப் கதவுலயே ஒட்டிட்டாரு. துக்கத்துக்கு வர்ற கூட்டத்துல யார் எவர்னே தெரியாது, வீடு தொறந்தே கெடக்கும், பசங்களுக்கு எத்தன துப்பாக்கி இருந்துச்சுன்னே கணக்கு தெரியாது, ஒண்ணு கொறைஞ்சாலும் கண்டுபிடிக்க ஆளில்ல. அதனால லிஸ்ட்டும் நம்பரும் சீல் வெச்ச கவர்ல போட்டு, துப்பாக்கி வெச்சுக்க சட்டப்படி தகுதி இருக்கற ஒரு ஆளுகிட்டயோ வக்கீல்கிட்டயோ குடுத்து வைங்க. அப்படி ஒரு ஆளே இல்லன்னா யார்கிட்ட ஒப்படைக்கணும், எந்த டீலர், எந்த ஸ்டேஷன்னு வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அதுல துப்பாக்கி எத்தனங்கற எண்ணிக்கைய மட்டும் விட்டுடாதீங்க.